அத்தியாயம் 7: விளையாட யார் இருக்கிறார்கள்?

ஹோம்ஸ்கூலிங் என்று வாயெடுத்ததுமே பாட்டி, எதிர்வீட்டுக்காரர், குழந்தை மருத்துவர் என எல்லாரிடமிருந்தும் வருவது ஒரே கேள்விதான். "பாடத்த நீங்க சொல்லிக் கொடுத்துடுவீங்க, சரி. நாலு பேரோட பழக வேண்டாமா?"

இதைக் கேட்டு எரிச்சல்படும் பெற்றோர் நிறைய. பள்ளியில் மட்டும் என்ன பழகவிடுகிறார்கள், வாயில் விரல் வைத்துத்தானே உட்காரச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த வாதத்தில் ஜெயிப்பது சுலபம். ஆனால் கேள்வி நியாயமானது. கணக்கில் ஒரு பிள்ளை பின்தங்கினால் சில மாத உழைப்பில் சரிக்கட்டிவிடலாம். விளையாட ஆளில்லாமல் கழிந்த ஏழு வயதையும் எட்டு வயதையும் பிறகு எந்தப் பாடத்திட்டத்தாலும் ஈடுகட்ட முடியாது. அதனால் இந்த நூலில் கணக்கு, அறிவியல் அத்தியாயங்களைப் புரட்டிவிட்டுப் போனாலும் போங்கள், இதை நிதானமாகப் படியுங்கள்.

பழகத் தெரிவது என்பது எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதைப் பொறுத்ததல்ல. அதே நாலைந்து பிள்ளைகளை, அதே இடத்தில், பெரியவர்கள் நடுவில் புகாமல், திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். நேற்று சண்டை போட்டவனை இன்றும் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடம் இதை யாரும் திட்டமிடாமலேயே கொடுத்துவிடுகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவன் நாளைக்கும் அங்கேதான் இருப்பான். வீட்டில் படிக்கவைப்பது என்று முடிவெடுத்த அன்றே இந்த ஏற்பாட்டின் பொறுப்பையும் நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 1992ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஷையர்ஸ் என்பவர் 8 முதல் 10 வயது வரையுள்ள வீட்டில் படிக்கும் பிள்ளைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும், பக்கத்துக்கு 70 பேர் வீதம், விளையாட விட்டுக் கவனித்தார். யார் எந்தப் பக்கம் என்று பார்வையாளர்களுக்குத் தெரியாது. அடம், சண்டை போன்ற நடத்தைப் பிரச்சினைகள் வீட்டில் படித்தவர்களிடம் குறைவாகவே இருந்தன. ரிச்சர்ட் மெட்லின் 2000த்திலும் 2013லும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்தார். நல்ல செய்திதான். ஆனால் இவை பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள். தாமாக முன்வந்த, அக்கறையுள்ள குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றைக் காட்டி நம் வீட்டுக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் பிள்ளைக்கு உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு ஆய்விடம் பதில் இல்லை.

நாலரை முதல் ஆறரை வரை

வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் காலை முழுக்க நேரம் உண்டு, கூட விளையாட ஆளில்லை. தெருப் பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கி, பையை வீசிவிட்டு, பாலையோ டீயையோ குடித்துவிட்டு வெளியே வருவது மாலை நாலரைக்கு. ஆறு, ஆறரைக்கு டியூஷனுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு நாளில் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

சரியாக அந்த நேரத்தில்தான் கராத்தே, கீபோர்டு, ஓவியம், அபாகஸ் எல்லாம் நடக்கின்றன. "பள்ளிக்குத்தான் போகவில்லை, இதிலாவது நாலு பேரைப் பார்க்கட்டும்" என்று பெற்றோர் வாரத்தின் ஐந்து மாலைகளிலும் ஐந்து வகுப்புகளில் சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளை நிறையப் பேரைப் பார்க்கிறது. ஆனால் வகுப்பில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, மாஸ்டர் சொன்னதைச் செய்துவிட்டு வண்டியேறிப் போய்விடுகிறார்கள். தெருவில் அந்தப் பிள்ளையின் பெயர் யாருக்கும் தெரியாது.

ஆகவே முதல் வேலை, வாரத்தில் குறைந்தது நாலு மாலைகளில் அந்த இரண்டு மணி நேரத்தைக் காலியாக விடுவது. பாடம் காலையில் முடியட்டும். வகுப்பு என்று ஒன்று வேண்டுமானால் ஒன்றே போதும், முடிந்தால் காலையிலோ வார இறுதியிலோ. அந்த இரண்டு மணி நேரத்தில் உறவினர் வீட்டுக்கும் கடைக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்றைக்கு வருவான், நாளைக்கு வரமாட்டான் என்று ஒரு பிள்ளையைப் பற்றித் தெரிந்துவிட்டால், டீம் பிரிக்கும்போது மற்றவர்கள் அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் வருபவனுக்குத்தான் அங்கே இடம்.

விளையாட்டே நடக்காத தெருவாக இருந்தால்? சென்னை, கோவையின் பல பகுதிகளில் இன்று அதுதான் நிலைமை. ஒரு டென்னிஸ் பந்தையும் பேட்டையும் கொடுத்துப் பிள்ளையைத் தினமும் ஐந்து மணிக்குக் கீழே அனுப்புங்கள். முதல் சில நாள் சுவரில் அடித்துக்கொண்டிருப்பான். பந்துச் சத்தம் கேட்டு ஒருவனாவது எட்டிப்பார்ப்பான். அபார்ட்மென்டில் விளையாடத் தடை என்றால் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையை மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு விடச்சொல்லிக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. கேட்க ஆளில்லாததால்தான் பல இடங்களில் அந்தத் தடை அப்படியே நீடிக்கிறது.

மூன்று வயதுக்காரர்களின் பெற்றோர் அவசரப்பட வேண்டாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மழலையர் கூடத்தில் பிள்ளைகளைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் 1932ல் எழுதிய ஆய்வு இன்றும் உதவுகிறது. தனியாக விளையாடுவது, மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடுவது ஆகியவற்றையெல்லாம் கடந்துதான் சேர்ந்து விளையாடுவது வருகிறது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. "போ, போய்ச் சேர்ந்து விளையாடு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள்.

சண்டை வரட்டும்

தெருக் கிரிக்கெட்டை ஒருநாள் பால்கனியிலிருந்து கவனியுங்கள். ஒன் பிட்ச் கேட்ச் அவுட். கரன்ட் கம்பியில் பட்டால் டெட் பால். மாடி வீட்டுக் காம்பவுண்டுக்குள் போனால் அவுட், அடித்தவனே போய்ப் பந்தை எடுத்துவர வேண்டும், திட்டு வாங்குவதும் அவனே. யாரோ ஒருவனின் தம்பி, நாலு வயசு, அழுதுகொண்டு நிற்கிறான். "சரி, அவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அவனுக்கு மட்டும் பந்தை உருட்டிப் போடுகிறார்கள், அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை. இத்தனையும் எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுத்ததல்ல. பத்து வயதுப் பையன்கள் நாலு வயதுக்காரனுக்காகச் சட்டத்தை வளைத்து, ஆனால் ஆட்டம் கெடாமல், நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வயதுக்காரர்கள் மட்டும் உட்காரும் வகுப்பறையில் இது நடக்க வழியில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தெரு தரும் மிகப் பெரிய சொத்து இந்த வயதுக் கலப்புதான்.

பிறகு சண்டை வரும். அவுட்டா இல்லையா என்பதில் ஆட்டம் அரைமணி நேரம் நிற்கும். பேட்டுக்குச் சொந்தக்காரன் பேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டு பேர் டூ விட்டுக்கொள்வார்கள். அங்கே இறங்கிப் போய்ப் பஞ்சாயத்து பண்ணாதீர்கள். ழான் பியாஜே ஜெனிவா, நியூஷாடெல் நகரங்களில் சிறுவர்கள் கோலி விளையாடுவதைக் கூடவே உட்கார்ந்து கவனித்து 1932ல் ஒரு நூல் வெளியிட்டார். ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்த, மாற்றவே கூடாத ஒன்று. பத்து வயதைத் தாண்டும்போது, எல்லாரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்று அவர்களுக்குப் புரிகிறது. நடுவிலுள்ள அந்த நாலைந்து வருடங்களில் இந்தப் புரிதல் சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் அம்மா ஓடிவந்து தீர்ப்புச் சொன்னால், விதி எப்போதும் அம்மாவிடமே இருந்துவிடும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். நாள் முழுக்க அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கிறார்கள். பொறுமையாகக் காரணம் சொல்கிறார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கிடைக்கிறது. அதே நியாயத்தைத் தெருவிலும் எதிர்பார்த்து வருகிற பிள்ளை, "என் பேட், நான்தான் ஃபர்ஸ்ட்" என்ற வாதத்தின் முன் திகைத்து நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் ஓடிவந்து முறையிட்டால், கேளுங்கள். முழுதாகக் கேளுங்கள். "அப்புறம் நீ என்ன சொன்ன? நாளைக்கு என்ன பண்ணப் போற?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பையன் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். பெரும்பாலும் மறுநாளே பழம் விட்டிருப்பார்கள். நீங்கள் போன் போட்டிருந்தால் இரு வீட்டுப் பெரியவர்களும் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவீர்கள்.

தலையிட வேண்டிய நேரமும் உண்டு. ஒரே பிள்ளையைத் தொடர்ந்து பலர் சேர்ந்து குறிவைப்பது, வயதிலும் பலத்திலும் ஈடில்லாத ஒருவன் அடிப்பது, சாதி சொல்லியோ உடலைச் சொல்லியோ கேலி செய்வது, "வீட்ல சொல்லாத" என்று யாரேனும் சொல்லியிருப்பது. இவற்றில் எது நடந்தாலும் உடனே போங்கள். கேலி செய்தது உங்கள் பிள்ளை என்றால் இன்னும் வேகமாகப் போங்கள்.

காலையில் பெரியவர்களோடு

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிறது. வேலை நாளின் காலையில் ஊர் எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், அதில் சேர்ந்துகொள்ளலாம். மளிகைக் கடைக்கு ஏழு வயதிலேயே அனுப்பலாம். சீட்டு எழுதிக் கொடுக்காதீர்கள், வாயால் சொல்லி அனுப்புங்கள். "அண்ணா, கால் கிலோ துவரம்பருப்பு" என்று கூட்டத்தில் குரலை உயர்த்திக் கேட்டு, தனக்குப் பின்னால் வந்தவர் முந்தினால் "நான்தான் முதல்ல கேட்டேன்" என்று சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவதில் ஒரு வாரத்துப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. பஸ்ஸில் டிக்கெட்டை அவளே கேட்டு வாங்கட்டும். ரேஷன் கடை வரிசையில் உங்களோடு நிற்கட்டும். தையல்கடையில் அளவு கொடுக்கும்போது எவ்வளவு நீளம் வேண்டும் என்று அவளே சொல்லட்டும். பக்கத்தில் நின்றுகொண்டு அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

நூலகம் இன்னொரு இடம். கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதிகள் இருக்கின்றன. போய்ப் பாருங்கள். ஆனால் பழக்கத்துக்கு உகந்தது வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளை நூலகம்தான். அங்கே நூலகருக்குப் பிள்ளையின் பெயர் தெரிந்துவிடும். தினமும் பேப்பர் படிக்க வரும் தாத்தாக்களில் ஒருவராவது "இன்னிக்கு என்ன புக்?" என்று கேட்பார்.

சதுரங்கப் போட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகளில் உங்கள் பிள்ளைக்கு இடம் இருக்காது. ஆனால் பிறப்புச் சான்றிதழை வைத்துச் சதுரங்கச் சங்கத்தில் பதிந்துகொண்டு வயதுப்பிரிவுப் போட்டிகளில் ஆடலாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓபன் ரேப்பிட் போட்டிகள் நடக்கின்றன. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எதிரே ஓய்வுபெற்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார். கைகுலுக்கிவிட்டுத் தொடங்குவார்கள். அவர் ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்தினால், அவள் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கி ஆர்பிட்டரை அழைத்து, தாத்தா வயதுள்ளவர் முன்னால், "தொட்ட காயைத்தான் நகர்த்தணும்" என்று மரியாதையாகச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் ஹாலுக்கு வெளியே நிற்கிறார்கள், உள்ளே நடப்பது அவளுடையது மட்டுமே. ஆட்டம் தெரிந்த பிள்ளையை வருடத்தில் சில போட்டிகளுக்காவது அழைத்துப் போங்கள். பரிசு கிடைக்காவிட்டாலும் நுழைவுக் கட்டணம் வீணில்லை.

எந்த நாலு பேர்?

இதைப் பேச ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் தயங்குகின்றன. நம் வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். படித்த பெற்றோர், சொந்த வண்டி, வீட்டில் ஆங்கிலம், ஏறத்தாழ ஒரே வருமானம், பல நேரம் ஒரே மாதிரிச் சமூகப் பின்னணி. மாதம் ஒருமுறை ஏதாவது பண்ணையிலோ பூங்காவிலோ சந்தித்துக்கொள்கிறோம். நல்ல குழு, எனக்கும் பிடித்த குழு. ஆனால் பிள்ளையின் உலகம் அதுவாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

அரசுப் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காமராஜர் ஆட்சியில் 1956ல் மாநிலமெங்கும் போன மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறார்கள் என்பது இந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை. பள்ளிகளுக்குள் சாதி இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த வரிசை அங்கே இருக்கிறது. வீட்டில் படிக்கவைக்கும்போது பிள்ளையை அந்த வரிசையிலிருந்து எழுப்பி விடுகிறோம். அதற்கு ஈடாக என்ன செய்கிறோம் என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கீழே இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகளும் காவலாளியின் மகனும் உங்கள் பிள்ளையோடு விளையாடுகிறார்களா? மழை வந்தால் அவர்கள் உங்கள் வீட்டுக்குள் வருகிறார்களா? உங்கள் பிள்ளைகள் சாப்பிடும் தட்டிலேயே அவர்களுக்கும் தோசை கிடைக்கிறதா? உங்கள் பிள்ளை அவர்கள் வீட்டில் சாப்பிடலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நீங்கள் தயங்கினால் பிள்ளை அதைக் கவனிக்கும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும்.

மொழியும் இதோடு சேர்ந்தது. ஆங்கிலத்தில் மட்டும் வளரும் பிள்ளையால் தெருவில் வாதாட முடியாது. தமிழில் கேலி பேசவும், பதிலுக்குப் பதில் சொல்லவும், சமாதானம் ஆகவும் தெரியாத பிள்ளையைத் தெரு விருந்தாளியாகத்தான் நடத்தும்.

வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர்

பள்ளிப் பிள்ளையை ஒரு நாளில் பல பெரியவர்கள் பார்க்கிறார்கள். முகம் வாடியிருந்தால் ஒரு டீச்சராவது "ஏன் டல்லா இருக்க?" என்று கேட்கக்கூடும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கண்கள் குறைவு. அதனால் சித்தியோ, மாமாவோ, இசை ஆசிரியரோ, நண்பரின் அம்மாவோ, உங்கள் மீதே புகார் சொல்லும் அளவுக்குப் பிள்ளைக்கு நெருக்கமான ஒருவர் வேண்டும். அவர்கள் தனியாகப் பேசும்போது என்ன பேசினார்கள் என்று துருவாதீர்கள். சிறார் உதவி எண் 1098 பற்றி ஏழெட்டு வயதிலேயே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பேச்சு தாமதம், செவிக் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றைச் சில நேரம் முதலில் கவனிப்பது ஆசிரியர்தான், ஏனென்றால் அவர் கண்முன்னே முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவும் உங்கள் வீட்டுக்கு வராது. நாலு வயதாகியும் மற்ற பிள்ளைகளைத் திரும்பியே பார்ப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனம் வருவதில்லை, வீடு கட்டுவது, சோறு பொங்குவது போன்ற பாவனை விளையாட்டே இல்லை என்றால், "அவன் ஒரு தனி ரகம்" என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

"எந்த ஸ்கூல்ல படிக்கிற?"

கல்யாண மண்டபத்தில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பதிலைப் பிள்ளையே சொல்லட்டும். முன்கூட்டியே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "வீட்லயே படிக்கிறேன் பெரியம்மா. ஸ்கூலுக்குப் போனா அஞ்சாவது." இவ்வளவு போதும். "அப்போ பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கே நீங்கள் குறுக்கிடலாம். உறவினர் முன் தேர்வெழுதிக் காட்ட வேண்டிய கடமை பிள்ளைக்கு இல்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேல்

பத்து வயதை ஒட்டி விளையாட்டுக் கூட்டம் போதாமல் போய், ஒரே ஒரு உற்ற தோழி அல்லது தோழன் தேவைப்படத் தொடங்குகிறது. ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தன்னைவிட இன்னொருவரின் சந்தோஷம் முக்கியம் என்று பிள்ளை முதன்முதலில் உணர்வது இந்த நட்பில்தான் என்பது அவர் கருத்து. உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒருவர் வாய்த்தால், அந்த வீடு ஊரின் மறுகோடியில் இருந்தாலும் வாரம் ஒருமுறை கொண்டுபோய் விடுங்கள். இரவு தங்கட்டும்.

பதின்மூன்று வயதில் பிள்ளை மாலையில் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டு, போனில் மட்டும் பேசிக்கொண்டு, "எனக்கு யாரும் வேண்டாம்" என்று சொல்லத் தொடங்கினால் அதைச் சுபாவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நல்ல நேரம் பார்த்து நேராகக் கேளுங்கள்: "ஸ்கூலுக்குப் போகணும்னு இருக்கா?" ஆம் என்று பதில் வந்தால் அதை உங்கள் முயற்சியின் தோல்வியாகப் பார்க்க வேண்டாம், பிள்ளையையும் அப்படி உணரவிட வேண்டாம்.

வழி திறந்தேதான் இருக்கிறது. 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுக்குள் பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். டிசி இல்லையே என்று தயங்காமல், பிறப்புச் சான்றிதழோடு போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். வீட்டிலிருந்தே தொடர விரும்பினால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது முடிந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அதன் படிப்பு மையங்களில் நடக்கும் தொடர்பு வகுப்புகளுக்குப் பாடத்துக்காக மட்டுமல்லாமல் ஆட்களுக்காகவும் அனுப்புங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், விளையாட்டு வீரர்கள், பள்ளியைப் பாதியில் விட்டு மீண்டும் வந்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அங்கே எழுதுகிறார்கள்.

பள்ளியில் சேர்ப்பதாக முடிவானால், ஜூனில் வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள். அந்த வகுப்பில் படிக்கப்போகும் ஒரு பிள்ளையையாவது மே மாதத்திலேயே தேடிக் கண்டுபிடித்து, இரண்டு பேரையும் சில மாலைகள் சேர்ந்து இருக்கவிடுங்கள். பாடத்தைப் பற்றி உங்கள் பிள்ளைக்குப் பெரும்பாலும் கவலை இருக்காது. முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு யார் பக்கத்தில் போய் உட்காருவது என்பதுதான் அவர்களைத் தூங்கவிடாத கேள்வி.